வான்டன் மீயும் ஒரு கேள்வியும்

பிள்ளைகளோடு பத்து பாகாட் பட்டணம் போனால், ஒட்டுக்கடை வாசனை காலைக் கட்டிப்போடும். அங்கே கிடைக்கும் வான்டன் மீயைப் பற்றி இம்முறை பேசுவோம்.

வான்டன் கன்டனீஸ் சொல். அதை எழுதும் சீன எழுத்துகளுக்கு 'மேகத்தை விழுங்குதல்' என்று பொருள். மெல்லிய மாவுத் தாளில் கொத்திய இறைச்சியும் இறாலும் வைத்து மடித்து வேகவைத்தால், சூப்பில் மேகம் போலவே மிதக்கும். மீ, கோதுமை மாவில் முட்டையும் காரநீரும் சேர்த்துப் பிசைந்தது. அந்தக் காரநீர்தான் மஞ்சள் நிறமும் இழுவையும் தருகிறது. கொதிநீரில் சற்றுநேரம், பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி கொதிநீர், அதனால்தான் குழைவதில்லை. பிறகு கறுப்புக் கிச்சாப்பில் பிரட்டி, ஊறவைத்த பச்சை மிளகாயோடு தருவார்கள்.

நம் வீடுகளில் பன்றி இறைச்சி உண்ணாதவர் பலர். மேலே கோழி இருந்தாலும், உள்ளே வைக்கும் இறைச்சியிலும் பிரட்டும் எண்ணெயிலும் பன்றி இருக்கக்கூடும். "ஆடா பாபி?" என்று முதலிலேயே கேளுங்கள், அதில் வெட்கம் எதற்கு? வாங்கிய பிறகு முகம் சுளிப்பதுதான் அவமதிப்பு. கேட்டுச் சாப்பிடவும், வேண்டாமென்றால் சிரித்தபடி விலகவும் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். பல இனத்தார் வாழும் நாட்டில் இதுவும் ஒரு பாடமே!