ஒரே டிரம்மில் மூன்று பேரை வளர்க்கலாமா?

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, பொட்டாஷ் பாக்டீரியா மூன்றையும் ஒரே டிரம்மில் ஊற்றி, வெல்லம் கரைத்து, ஒரு வாரம் கலக்கிவிட்டு வயலுக்கு எடுத்துப் போகிறார்கள், எங்க சிறுவாச்சூர் பக்கத்தில் சில விவசாயிகள். "மண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கிற உயிர்தானே, டிரம்முக்குள்ள மட்டும் சண்டை போடுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் போடும் என்பதுதான் என் பதில்.

மண்ணில் ஆளுக்கொரு இடம் இருக்கு. அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி, குறைந்த காற்றில், வேர் கசிய விடும் கரிம அமிலங்களைத் தின்று வாழ்வது. வெல்லம் அதற்குப் பிடித்த தீனி அல்ல. பாஸ்போபாக்டீரியாவோ சர்க்கரையைத் தின்று வேகமாகப் பெருகி அமிலத்தைச் சுரக்கும். சுண்ணாம்பு மிகுந்த நம் கரிசலில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைப்பது அந்த அமிலம்தான். வயலில் வரமான அதே அமிலம், டிரம்முக்குள் அசோஸ்பைரில்லத்துக்கு வினை. போதாததற்கு வெல்லத்திலும் தண்ணீரிலும் வந்து சேரும் ஈஸ்ட் வேறு. பொங்கி நுரைப்பது பெரும்பாலும் அதன் வேலை. நுரையைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம்.

வங்கியில் இருந்தவன் என்பதால் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. கூட்டுக் கணக்கில் மூன்று பேர் இருந்தாலும், பணம் முழுவதையும் ஒருத்தரே எடுத்துவிடலாம். பெயரைப் பார்த்தால் போதாது, இருப்பைப் பார்க்கணும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தனி நுண்ணுயிர் உரம் திரவமானால் மில்லிக்கு 10 கோடியும், தூளானால் கிராமுக்கு 5 கோடியும் உயிரணுக்கள் இருக்கணும். நம்ம டிரம்மில் எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

கூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அசோபாஸ் இரண்டும் கலந்ததுதான். பிரேசிலில் சோயாவுக்கு பிராடிரைசோபியத்தையும் அசோஸ்பைரில்லத்தையும் சேர்த்து இடும் முறையைப் பரப்பிய மரியாஞ்செலா ஹங்ரியா, 2025-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆனால் சேர்த்து இடுவது வேறு, சேர்த்து வளர்ப்பது வேறு. ஒன்றையொன்று தாங்கும் ரகங்களைத் தேர்ந்து, கார அமில நிலையைக் கட்டுக்குள் வைத்து வளர்ப்பது ஆய்வகத்து வேலை. ஜீவாமிர்தத்தின் கணக்கும் வேறு. அங்கே இன்ன நுண்ணுயிர்தான் பெருகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ தனித்தனியாக வாங்கி, 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு நிழலில் கலந்து, விதைப்புக்கு முன் ஈர மண்ணில் இடுங்கள். ரசாயன உரத்தோடு கலக்காதீங்க. டிரம்மில்தான் பெருக்குவோம் என்கிற குழுக்கள், ஒவ்வொன்றையும் தனி டிரம்மில் வளர்த்து, இடும் நாளில் மட்டும் கலக்கட்டும். வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் டிரம் மாதிரியை எண்ணித் தரும் ஏற்பாட்டை, உழவர் இயக்கம் கேட்டுப் பெற வேண்டும்.

மானாவாரி மக்காச்சோளக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு பட்டம்தான். டிஏபியை விட்டுவிட்டு டிரம்மை நம்பி முதல்முறை இறங்குகிறவருக்குப் பயிர் வெளுத்துப் போனால், அவர் டிரம்மைத் திட்ட மாட்டார், இயற்கை விவசாயத்தையே திட்டிவிட்டு உரக்கடைக்குத் திரும்பிப் போவார். அப்படி ஒருத்தரைக்கூட நாம இழக்கக் கூடாது.