பாதிக் கவசம் போதாது

பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழியின் உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால் மட்டும் போதாது. அங்கே பல்கிப் பெருக ஏ.என்.பி.32ஏ என்ற கோழிப் புரதத்தின் துணையும் அதற்கு வேண்டும். எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிர்பிரைட் நிறுவனம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள், அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைச் சிறிதளவு திருத்தி, வைரஸுக்கு அந்தத் துணை கிட்டாமல் செய்தார்கள். 2023 அக்டோபரில் வெளியான அவர்களது ஆய்வில், வழக்கமான அளவு எச்9என்2 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் செலுத்தப்பட்ட 10 கோழிகளில் 9 தப்பின. ஆனால் ஆயிரம் மடங்கு செலுத்தியபோது 10-ல் 5 கோழிகளுக்குத் தொற்று வந்தது. அதைவிட முக்கியமானது, அந்தக் கோழிகளுக்குள் வைரஸ் உருமாறி, வழக்கமாகத் தனக்குத் தேவைப்படாத ஏ.என்.பி.32பி, ஏ.என்.பி.32இ என்ற உறவுப் புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. ஒற்றைத் திருத்தம் மட்டும் பெற்ற கோழி பண்ணைக்கு வரவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மரபணுவில் கைவைப்பதே இயற்கைக்கு விரோதம் என்று சிலர் எதிர்க்கிறார்கள். என் எதிர்ப்பு அதுவல்ல. இந்தக் கோழியில் அந்நிய மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை. புரதத்தில் மாறியவை இரண்டே அமினோ அமிலங்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தும் உடல்நலத்திலோ முட்டையிடுவதிலோ குறை தென்படவில்லை. ஆறேழு வாரத்தில் வெட்டுக்குத் தயாராகும் பிராய்லர் கோழியும் மனிதன் தேர்ந்தெடுத்து உருவாக்கியதுதானே.

இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு. தடுப்பூசியும் முழுமையாகக் காப்பதில்லையே, அதை மட்டும் ஏன் ஏற்கிறோம்? நியாயமான கேள்வி. மாரெக் நோய்க்கான தடுப்பூசி கோழியைச் சாவிலிருந்து காக்கிறது, தொற்றைத் தடுப்பதில்லை. போடாத கோழிகளை விரைவில் கொன்றுவிடும் கொடிய வகை வைரஸ்களை, போட்ட கோழிகள் உயிரோடு இருந்து நெடுநாள் பரப்புகின்றன என்று 2015-ல் விஞ்ஞானி ஆண்ட்ரூ ரீட் குழுவினர் காட்டினார்கள். அரைகுறைக் காப்பின் ஆபத்து அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் தடுப்பூசி பயனற்றுப்போனால் மருந்தை மாற்றலாம். மரபணுத் திருத்தமோ இனத்தின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. உலகின் வணிகக் கோழி இனங்கள் ஒரு சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அவற்றிடமுள்ள மூலக்கோழிகளின் குணம் தாய்க்கோழிகள் வழியே கோடிக்கணக்கான குஞ்சுகளுக்குப் போகிறது. அத்தனை கோழிக்கும் ஒரே பூட்டு என்றால், ஒரு பண்ணையில் அதைத் திறக்கக் கற்ற வைரஸ் எல்லாப் பண்ணைகளிலும் நுழைந்துவிடும்.

முழுக் காப்பு கிடைக்கும்வரை கோழிகள் சாகட்டும் என்கிறாயா என்று பண்ணையாளர் கேட்டால், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2022-லிருந்து அமெரிக்காவில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் போய்விட்டன. இழப்பு இவ்வளவு பெரிது என்பதால்தான் ஆராய்ச்சி அரசுப் பணத்தில் விரைந்து நடக்க வேண்டும் என்கிறேன். வழியும் தெரிகிறது: ஏ.என்.பி.32 புரதங்கள் மூன்றுக்கும் உரிய மரபணுக்களை நீக்கிய கோழி உயிரணுக்களில் வைரஸால் பெருக முடியவில்லை. ஆனால் அது ஆய்வகத் தட்டில் கண்ட முடிவு. இந்தப் புரதங்களுக்குக் கோழியின் உடலிலும் வேலை இருக்கிறது. மூன்றையும் மாற்றிய பிறகு அது நலமாக வளருமா என்பதை உயிருள்ள கோழியில்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கோழி, கடும் தொற்றுக்கு நடுவிலும் பல தலைமுறை நோயின்றி வாழ்ந்து காட்டும்வரை எந்த அரசும் விற்பனைக்கு அனுமதி தரக்கூடாது.