ஏழையின் கிழங்கும் கம்பெனியின் பீரும்

"இன்க்ளூசிவ் பிசினஸ்" என்றொரு மந்திரத்தை முதலாளிகள் ஓதி வருகிறார்கள். ஏழையையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும் வியாபாரமாம்! கோவையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், 2004-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அடித்தட்டு மக்களிடம் பெருஞ்செல்வம் இருக்கிறது, கம்பெனிகள் அங்கே போகவேண்டும் என்பது அதன் சாரம். போனார்கள். போய் என்ன செய்தார்கள்?

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கைப் பாருங்கள், தோழர்களே! அங்கே ஏழைக் குடியானவர்களுக்கு மரவள்ளிக் கிழங்குதான் சோறு. 2010 செப்டம்பரில் அரசாங்கம் ரொட்டி விலையை ஏற்றியது. மபூட்டோ நகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகே விலை இறங்கியது. மறு ஆண்டு, 2011-ல், சாப்மில்லர் கம்பெனியின் கிளை அதே நாட்டில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து "இம்பாலா" என்ற பீரைக் காய்ச்சி விற்றது. அதற்குக் கலால் வரியில் சலுகை! ரொட்டி விலை இறங்க ரத்தம் சிந்தவேண்டும். பீர் வரி இறங்கக் கம்பெனி கேட்டால் போதும்.

"விவசாயி கையில் காசு புரள்கிறதே" என்பார்கள். காசு வேண்டாம் என்று எந்தக் குடியானவன் சொன்னான்? ஆனால் கணக்கைப் பார்ப்போம். மண்ணுக்குள் கிடக்கும்வரை மரவள்ளி ஏழையின் குதிர். மழை பொய்த்தாலும் மாதக்கணக்கில் கெடாது. பசித்தபோது பிடுங்கி வேகவைக்கலாம். பிடுங்கிவிட்டாலோ இரண்டு மூன்று நாளில் அழுகும். குவித்து வைத்தவன், வாங்க வந்தவன் ஒருவனே என்றால், பேரம் பேச முடியுமா? அவன் சொன்னதுதான் விலை. அந்தக் காசைக் கொண்டு கடையில் மாவு வாங்கப் போனால், அங்கேயும் வியாபாரி சொன்னதுதான் விலை!

"கூட்டாளி" என்கிறார்களே, 2016-ல் சாப்மில்லரை ஏபி இன்பெவ் என்ற இன்னொரு பீர் ராட்சசன் 10,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து விழுங்கியது. கிழங்கு விளைவித்த கூட்டாளியை அப்போது யார் கேட்டார்கள்?

குடியானவனுக்கு வேண்டியது கம்பெனியின் தயவல்ல. சொந்த நிலம், கிழங்கை உலர்த்தி மாவாக்கக் கூட்டுறவு ஆலை, கட்டுபடியாகும் கொள்முதல் விலை, மலிவு விலைத் தானியக் கடை. முதலில் வீட்டு உலை கொதிக்கட்டும். மிஞ்சியது ஆலைக்குப் போகட்டும். விலை சொல்லும் அதிகாரத்தில் பங்கில்லாத கூட்டு, நரியோடு கோழி சேர்ந்த கூட்டு!