பூச்சிக்குப் பெயர் சூட்டுவது வீண் வேலையா?

விலங்கியல் படிக்கும் நண்பர்களைக் கேலி செய்வது நம் விடுதிகளில் வழக்கமாகிவிட்டது. பொறியியல் படிப்பவன் பாலம் கட்டுவான். மருத்துவம் படிப்பவன் நோய் தீர்ப்பான். பூச்சிக்கு இலத்தீன் பெயர் வைப்பவனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். கேலியை விட்டுவிடுவோம், கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது நியாயமான கேள்விதான். அதற்குத் தக்க விடையும் உண்டு.

ஒரு சிற்றுயிரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஐரோப்பாவில் அறுவடைக் காலத்தில் மிகுதியாகத் தென்படுவதால் ஆங்கிலத்தில் அதற்கு 'ஹார்வஸ்ட்மன்' என்று பெயர். சிலந்தியை நாம் எட்டுக்கால் பூச்சி என்பதுபோல, இதனை அறுவடைப் பூச்சி என்று இங்கே குறிப்போம். எட்டுக் கால்களைக் கண்டு பலரும் இதைச் சிலந்தி என்றே எண்ணுவர். ஆனால் இது சிலந்தி அன்று. சிலந்திக்கு உடலின் நடுவே ஒடுங்கிய இடை உண்டு. இதன் உடல் ஒரே திரளாக இருக்கும். நூல் நூற்கவோ வலை பின்னவோ இதற்குத் தெரியாது, நஞ்சும் இல்லை. சிலந்தி இரையைக் கரைத்துக் குடிக்கும். இது துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். பகை பிடித்தால் காலையே கழற்றிவிட்டு ஓடும் இனங்கள் பல. இழந்த கால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்காட்லாந்து நாட்டு ரைனி என்னும் ஊரின் பாறையில் ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அறுவடைப் பூச்சியின் கற்படிவம் கிடைத்திருக்கிறது. இன்று 6,500க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் உண்டு.

இவற்றுள் பெரும்பாலானவை ஈரத்தை நாடி வாழ்பவை. அப்படியானால் வறண்ட நிலத்தில் இவை எவ்வாறு பிழைக்கின்றன? கல்லின் அடியிலும் பாறைப் பிளவிலும் குகையிலும் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. நிலம் காயக் காய ஒரு கூட்டத்துக்கும் மறு கூட்டத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. பிரிந்த கூட்டங்கள் நெடுங்காலத்தில் தனித்தனி இனங்களாகின்றன. ஒரு குன்றுக்கே உரிய இனம், சில குகைகளுக்கே உரிய இனம் என்று தோன்றுவது இதனால்தான். அக்குன்றை உடைத்தால் அந்த இனம் உலகத்திலேயே இல்லாமற் போகும்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் நிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அது பாலைவனம் அன்று; ஆயினும் கோடையில் மேற்பரப்பு வறண்டு காயும். அடியிலுள்ள குகைகளில் ஈரம் நிற்கும். அங்கே வாழும் குருட்டு அறுவடைப் பூச்சி ஒன்றின் உடல் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. 1967இல் டெக்ஸெல்லா ரெட்டெல்லி என்னும் இனம் விவரிக்கப்பட்டது. நகரம் பெருகிக் குகைகள் மூடப்படுவதைக் கண்டு, 1988இல் அரசு அதனைச் சட்டப் பாதுகாப்புக்குரிய உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. 1992இல் யூபிக், பிரிக்ஸ் என்னும் இரு அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்து, அந்தப் பெயரால் வழங்கிய பூச்சிகளில் ஒரு பகுதி வேறோர் இனம் என்று காட்டி, டெக்ஸெல்லா ரெயெசி என்று பெயரிட்டனர். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. பட்டியலில் இருப்பதோ பழைய பெயர். புதுப் பெயருக்குக் காப்பு உண்டா? உண்டு, இரண்டுக்கும் உண்டு என்று 1993இல் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. பின்னர் 2014இல் புது இனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி மனுச் செய்தார்கள், வழக்கும் நடந்தது.

சட்டம் பெயரைப் பார்த்துத்தான் பேசுகிறது என்பது இதனால் தெளிவாகும். பெயரில்லாத உயிருக்காக எவரும் மனுப் போட முடியாது, வழக்காட முடியாது.

பெயர் சூட்டுவது எளிய காரியமும் அன்று. பிடித்த உயிரைச் சாராயத்தில் பதப்படுத்த வேண்டும். நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். நுண்ணோக்கியின் கீழே காலையும் கண்மேட்டையும் இனப்பெருக்க உறுப்பையும் அளந்து வரைய வேண்டும். எதனால் இது புதிது என்று எழுதி வெளியிட வேண்டும். மூல மாதிரியை எவரும் வந்து சரிபார்க்கும்படி பொது நிலையத்தில் வைக்க வேண்டும். இது பல மாத உழைப்பு. சில வேளை பல ஆண்டு உழைப்பு.

நம் நாட்டு அறுவடைப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான ரோவர். 1923இல் அவர் வெளியிட்ட பெருநூல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அவர் சேர்த்த மாதிரிகள் பிராங்க்பர்ட் நகரில் இருக்கின்றன. அவர் உழைப்பை வணங்குவோம். ஆனால் நம் மண்ணின் கணக்கை நாமே எழுத வேண்டாமா? 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் கல்கத்தாவில் இயங்குகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனம் கண்டவர் அதனை அறிவித்து, மாதிரியை அரசு குறித்த நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நிலையமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. உழைக்க ஆள் வேண்டும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த அரசின் தரிசுநிலப் படத்தொகுதியில் முட்புதர்க் காடும் மணற்பரப்பும் தரிசு என்றே குறிக்கப்பட்டன. தரிசு என்றால் பயனற்றது என்று பொருளாகிவிடுகிறது. பயனற்றதை உடைக்க யாரும் தயங்குவதில்லை. பாலையையும் ஒரு திணையாக்கி, அதற்கும் விலங்கும் பறவையும் மரமும் உண்டென்று கருப்பொருள் வகுத்த மரபில் வந்த நாம் இதை வாய்மூடி ஏற்கலாமா?

பசித்த நாட்டில் பூச்சிக்கா பணம் என்பார்கள். வீடும் சாலையும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எதை அழித்து எதைக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுவோம் என்கிறேன். அதற்கு ஆகும் செலவு ஒரு நுண்ணோக்கி, சில புட்டிகள், பொறுமையுள்ள ஓர் இளைஞன் அல்லது இளநங்கை.

விலங்கியல் வகுப்பில் இருக்கும் தோழர்களே, தோழியரே! வேலை கிடைக்காது என்று அஞ்சி வகைப்பாட்டியலை ஒதுக்காதீர்கள். வரும் விடுமுறையில் ஊர்ப்புறத்துக் கரட்டில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பார்த்தபின் மறவாமல் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.