இலவசக் கொட்டகையின் விலை

பிரிட்டனில் இளவேனில் பிறந்ததும் பழைய பொருள்களுக்கான விளம்பரப் பக்கங்களில் தோட்டக் கொட்டகைகள் வரிசைகட்டத் தொடங்குகின்றன; வீட்டின் பின்புறத் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம், மண்வெட்டி, மிதிவண்டி, பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா முதலியவற்றைப் போட்டுவைப்பதற்கான சிறு மரக்கட்டுமானமே, அங்கு ‘ஷெட்’ எனப்படும் இக்கொட்டகை. ‘இலவசம், வாங்குபவரே கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும்’ என்பது அவ்விளம்பரங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் வாசகம். இவ்வாரம் இப்பத்திக்கு எரிச்சல் மூட்டியது அதுவே. தன் தோட்டத்தில் இற்றுக்கொண்டிருக்கும் மரத்தை அப்புறப்படுத்தும் கூலியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஈகை என்று பெயரும் சூட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் அதில் ஒளிந்திருக்கிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் அறிவிப்பை இப்பத்தி எத்தனை முறை வைதிருக்கிறது என்பதை வாரந்தோறும் வாசிப்போர் அறிவர். இதுவும் அந்தப் பல்லவிதான் என்று அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள வழக்கமான கொட்டகை நான்கு சுவர்ச் சட்டகங்கள், இரண்டு கூரைப் பலகைகள், ஒரு கதவு, ஒரு தரை ஆகியவற்றாலானது. பொருத்துவது தரையில் தொடங்கிக் கூரையில் முடிவதால், பிரிப்பது கூரையில் தொடங்கித் தரையில் முடிய வேண்டும். கூரைமேல் ஆணியடித்திருக்கும் ஃபெல்ட், அதாவது தார் தோய்த்த நீர்க்காப்பு விரிப்பு, பெரும்பாலும் கிழிந்தே வரும் என்பதால் அதைப் புதிதாக வாங்கியாக வேண்டும். துருவேறிய ஸ்க்ரூக்கள் திருப்புளிக்கு மசியாமல் தலை வழுக்கிவிடும்போது, இரு சட்டங்களுக்கும் இடையே உள்ள இடுக்கில் ஹேக்ஸா பிளேடை நுழைத்து, மரத்தூளும் துருத்தூளும் கலந்து உதிர, ஒவ்வொன்றாக அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடாக இருந்தால் பேச்சே வேண்டாம். நுரையீரலைக் கெடுக்கும் அந்த இழைக்கனிமத்துக்குப் பிரிட்டனில் 1999இல் முழுத்தடை வந்துவிட்டது என்றாலும், அதற்கு முந்தைய கொட்டகைகளின் தலைமேல் அது இன்னும் அமர்ந்திருக்கலாம்.

இப்பத்தியின் தீராத மனக்குறை இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. கொட்டகை குறித்த கையேடுகள் சுவருக்கு என்ன நிறம் பூசலாம், சன்னலில் எந்தச் செடியை வைக்கலாம் என்று பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, அது எதன்மேல் நிற்கப்போகிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. மேற்சொன்ன அளவுள்ள கொட்டகைக்குப் பத்து சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் ஊற்றினால் அதன் எடை ஒரு டன்னைத் தாண்டும். அடியில் ஜல்லி கொட்டி இடித்து இறுக்குவது தனி வேலை. நான்கு பேர் பலகை பலகையாகத் தூக்கிவந்துவிடக்கூடிய கொட்டகைக்கு, அவர்கள் தூக்கவே முடியாத தளம் தேவைப்படுகிறது. ரசமட்டம் வைத்துத் தளத்தின் மட்டத்தையும், எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரு மூலைவிட்டங்களும் சமமா என்பதையும் பார்க்காமல் சுவரை நிறுத்தியவரின் கொட்டகையில் சட்டம் கோணிக் கதவு சாத்த மறுக்கும். அவரோ கதவைக் குறைகூறி அதன் விளிம்பை இழைத்துக்கொண்டிருப்பார். இங்கிலாந்தில் எல்லைவேலிக்கு இரண்டு மீட்டருக்குள் நிற்கும் கொட்டகை இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்தால் பொதுவாகத் திட்ட அனுமதியும் தேவைப்படும் என்பதை இங்குச் சொல்லிவைத்தால் போதும்.

தளத்தின் செலவைப் பதிவுசெய்த பெருமை, கையேடு எழுதியவர்களைவிட, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஃபார்ஸ்டருக்கே உரியது. கென்ட் மாவட்டத்தில் ராச்செஸ்டர் நகருக்கு அருகே டிக்கன்ஸ் 1856இல் வாங்கிய காட்ஸ் ஹில் இல்லத்துக்கு, 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருடைய நண்பரும் நடிகருமான சார்லஸ் ஃபெக்டர் ஒரு பரிசு அனுப்பினார். அகன்ற இறவாரமும் வெளிப்படிக்கட்டும் கொண்ட, சுவிட்சர்லாந்து மலைவீட்டின் பாணியிலான ‘ஷாலே’ என்னும் இரண்டடுக்கு மரவீடு அது. பாரிஸிலிருந்து ஹையம் ரயில் நிலையத்துக்கு அது 58 பெட்டிகளில், 94 துண்டுகளாக வந்து இறங்கியது. விருந்தினர்களைக் கொண்டே அதைப் பொருத்திவிடலாம் என்ற உற்சாகம் பலிக்காமற்போக, ஃபெக்டர் நடத்திவந்த லைசியம் அரங்கின் பிரெஞ்சுத் தச்சரை வரவழைக்க வேண்டியதாயிற்று. துண்டுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின என்பதைக் குறிப்பிடும் ஃபார்ஸ்டர், அதை நிறுத்துவதற்கான செங்கல் அடித்தளம் கணிசமான செலவு வைத்தது என்பதையும் மறவாமல் சேர்த்திருக்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக், ஹார்டாங்கர் பகுதியில் தாம் அமைத்துக்கொண்ட இசைக்குடிலுக்கு வெளியே வழிப்போக்கர்கள் நின்று கேட்கும் தொல்லை தாளாமல், ஊராரைத் துணைக்கழைத்து அதை இடம்பெயர்த்த கதையும் விரிவாகச் சொல்லத் தக்கதே. ஆனால் டிக்கன்ஸ் இவ்வாரம் இடம் விடுவதாக இல்லை.

மரவீடு நிறுத்தப்பட்ட இடம் வீட்டையொட்டியது அன்று. டிக்கன்ஸுக்குச் சொந்தமான மரத்தோப்பு ஒன்று நெடுஞ்சாலைக்கு மறுபுறம் கிடந்தது. சாலைக்கு அடியே குடைந்த சுரங்கவழியாக அவர் அங்குச் சென்றுவந்தார். மாடியறையில் ஐந்து நிலைக்கண்ணாடிகளைப் பொருத்தியதால், சன்னலோரத்தில் அசையும் இலைகளும், அப்பால் விளைந்த வயல்களும், தேம்ஸ் ஆற்றில் செல்லும் பாய்மரங்களும் பல கோணங்களில் சிதறி அறைக்குள் வந்தன. செலவைப் பற்றிய முணுமுணுப்பு அவ்வறையில் அவருக்கு நினைவிருந்திருக்காது. 1870 ஜூன் 8ஆம் நாள், தம் வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகலிலும் அங்கேயே அமர்ந்து, முடிவுறாமலே நின்றுபோன ‘எட்வின் ட்ரூட்’ நாவலை எழுதிக்கொண்டிருந்தவர், அன்று மாலை உணவு மேசையில் பக்கவாதத்தால் சரிந்து, மறுநாள் இறந்தார்.

அதன்பின் மரவீடு கைமாறும் பொருளாயிற்று. செங்கல் அடித்தளத்தை யாரும் சுமந்துசெல்ல முடியாது. கழற்றக்கூடியவை மட்டும் கழன்று, அருகிலிருந்த காபம் பூங்காவுக்குச் சென்று பல ஆண்டுகள் நின்றன. 1960களில் மீண்டும் பிரிக்கப்பட்டு, ராச்செஸ்டரின் ஈஸ்ட்கேட் மாளிகைத் தோட்டத்தில் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பெயர்ப்பிலும் மரக்கட்டுமானம் தன் இறுக்கத்தில் சிறிது இழக்கும் என்பது எந்தத் தச்சரும் சொல்லக்கூடியது. இணைப்புத் துளைகள் அகன்று, பழைய ஆணிக்குப் பக்கத்திலேயே புதிய ஆணி இறங்கி, இரண்டின் வழியாகவும் மழைநீர் உள்ளே புகும். கென்டின் ஈரக்காற்றும் தன் பங்குக்கு வேலை செய்ததில் மரம் நலிந்து, அண்மைக் காலத்தில் அதைச் செப்பனிடுவதற்காக டிக்கன்ஸ் ஆர்வலர்கள் நிதி திரட்டும் முயற்சியில் இறங்க நேர்ந்தது. 1865இல் இலவசமாக வந்த ஒரு மரவீட்டுக்கு, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பணம் கேட்க வேண்டியிருந்தது.