உட்பொருள் தேடலாம், கட்டளையைக் கைவிடலாமா?

"வேதச் சட்டங்கள் யாவும் உருவகங்களே. அவற்றின் கருத்தை உள்ளத்தில் ஏற்றால் போதும், செயலில் கடைப்பிடிக்க வேண்டியதில்லை" என்று படித்த இளைஞர் சிலர் பேசக் கேட்கிறோம். இதற்கு அவர்கள் காட்டும் சான்று யூதர்கள். "தவ்ராத்தை யூத அறிஞர்களே உருவகமாகத்தானே வாசித்தார்கள்?" என்கிறார்கள். பாதி உண்மையை முழு உண்மையாக்கும் வாதம் இது. அந்த அறிஞர்கள் உட்பொருள் தேடினார்கள். ஆனால் எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்பதை இவர்கள் சொல்வதில்லை.

ஈஸா (அலை) அவர்களின் காலத்தை ஒட்டி அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோ, தவ்ராத்துக்கு உருவக விளக்கம் அளித்தவர்களில் முதன்மையானவர். கத்னா என்பது இச்சைகளை அறுத்தெறிவதன் குறியீடு என்று எழுதியவர் அவர். குறியீடு புரிந்துவிட்டது என்பதற்காகக் கத்னாவையோ சனிக்கிழமை ஓய்வையோ விட்டுவிடக் கூடாது என்று தம் காலத்து உருவகவாதிகளைக் கண்டித்தவரும் அவரே. சட்டத்தின் சொல் உடல், உட்பொருள் உயிர். உயிரைப் போற்றுபவன் அது குடியிருக்கும் உடலையும் பேண வேண்டும் என்பது அவர் வாதம்.

பத்தாம் நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்த ஸஅதியா, அரபியில் எழுதிய தம் நூலில் இதற்கு விதியே வகுத்தார். வசனத்தை வெளிப்பொருளிலேயே கொள்ள வேண்டும். புலனறிவு, பகுத்தறிவு, வேறொரு தெளிவான வசனம், நம்பகமான மரபு ஆகிய நான்கில் ஒன்றோடு வெளிப்பொருள் மோதினால் மட்டுமே தஃவீல் செய்யலாம். ஹவ்வா உயிருள்ள அனைத்துக்கும் தாய் என்கிறது அவர்களின் வேதம். சிங்கமும் மாடும் ஹவ்வாவின் பிள்ளைகள் அல்லவே! எனவே அங்கே மனிதர்கள் என்றே பொருள். இவ்வரம்பைக் கடந்து விளக்கினால் ஒரு கட்டளையும் மிஞ்சாது என்றும் அவர் எச்சரித்தார்.

அவர் அஞ்சியது பின்னர் நடந்தது. தென் பிரான்சின் யூதர் சிலர், இப்ராஹீமும் சாராவும் தத்துவம் பேசும் வடிவமும் பருப்பொருளுமே என்று விளக்குவதாகப் புகார் எழுந்தது. 1305இல் பார்சிலோனாவின் இப்னு அத்ரத், 25 வயதுக்கு முன் கிரேக்கத் தத்துவ நூல்களைக் கற்பதற்குத் தடை விதித்தார். அத்தடை சரியா என்பது வேறு விவாதம். நபியின் வாழ்வே வெறும் குறியீடானால் யாரைப் பின்பற்றுவது என்ற கவலையோ நியாயமானது.

"கண்ணுக்குக் கண் என்பதைப் பணமாக மாற்றியவர்கள் யூத அறிஞர்கள்தாமே?" என்று கேட்கலாம். அவ்விளக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் தல்மூத் அதை வெறும் அறிவுரையாகக் கரைத்துவிடவில்லை. உறுப்பிழப்பு, வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என ஐந்துக்கும் குற்றவாளி ஈடு தர வேண்டும் என்றது. அங்கே கட்டளை மறையவில்லை, கணக்கோடு நின்றது.

தவ்ராத்தில் மாற்றம் நிகழ்ந்தது என்பது நம் நம்பிக்கை. அதற்காக அவர்கள் சொல்லாததை அவர்கள்மீது சுமத்துவது நீதியன்று. நம் வேதமும் தெளிவான வசனங்களையும் பல பொருளுக்கு இடமளிப்பவற்றையும் பிரித்துக் காட்டுகிறது (3:7). தொழுகையின் உட்பொருள் உள்ளச்சம் என்பதில் ஐயமில்லை. அவ்வுள்ளச்சம் உள்ளவர் பாங்கு கேட்டும் எழாமல் இருப்பாரா? பெற்றோரே, பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.