தொட்டபெட்டா ஏறிட்டா இமயமலை ஏறிடலாமா?

ஃபைனல் செம் முடிஞ்சதும் கேதார்கந்தா போகலாம்னு உங்க கிளாஸ்லயும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஓடிட்டிருக்கும். பயிற்சிக்கு ஒரு வீக்கெண்ட் ஊட்டி. "தொட்டபெட்டாவுலயே மூச்சு வாங்கல, அப்புறம் என்ன மச்சி?" என்று அதில் ஒருத்தன் சொல்வான். இந்தக் கணக்கு தப்பு மக்களே.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637. கேதார்கந்தா உச்சி சுமார் 3,800. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலதான் ஆரம்பிக்கும். நீலகிரி முடியற இடத்துலதான் அந்தப் பிரச்சினையே தொடங்குது! மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். 3,800 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். அதற்குப் பழக உடம்புக்குச் சில நாட்கள் வேண்டும். ஜிம் பாடி இருந்தாலும் அந்த நாட்கள் குறையாது.

அப்போ நீலகிரி எதுக்கு? காலுக்கு! குன்னூர் தேயிலைத் தோட்டச் சரிவில் இலை மூட்டையோடு நடக்கும் அக்காக்களைப் பாருங்க. சின்னச் சின்ன அடி, ஒரே சீரான வேகம். அந்த நடைதான் நமக்கு வேணும். மூணு மாசம் முன்னாடியே ஹாஸ்டல் படிக்கட்டில் தண்ணி பாட்டில் போட்ட பையோடு ஏறி இறங்குங்க. எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும், அதையும் பழக்கணும். அப்புறம் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்ததே, அதில் நீலகிரியின் கேர்ன்ஹில்லில் தொடங்கி, அவலாஞ்சி–கோலரிபெட்டா வரை போய்ப் பாருங்க.

உண்மையில் ஆபத்து அதிகம் ஃபிட்டான பசங்களுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். அவங்கதான் வேகமா ஏறுவாங்க. தலைவலி வந்தாலும் கெத்து போயிடும்னு சொல்ல மாட்டாங்க. 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலியும் குமட்டலும் இருந்தா மேலே போகாதீங்க. அதிகமானா உடனே கீழே இறங்குங்க.

அதனால, டிக்கெட் போடும் முன்னாடி குரூப்ல ஒரு விஷயம் பேசி முடிங்க: ஒருத்தருக்கு முடியலைன்னா, கிண்டல் பண்ணாம அவரோட யார் கீழே இறங்குவீங்க?